பூட்டுப் போட்ட சிடி: ஐஎஸ்ஓ-வா, சிசிடி-யா, எம்டிஎஸ்-ஆ?

கோத்தகிரியில் சித்தப்பா வீட்டு மர பீரோவில் முப்பது பழைய கேம் சிடிகள் கிடைத்தன. ஆடி மாத மூடுபனியில் தலையணையே ஈரம் தட்டும் ஊர் அது, பாதி சிடிகளில் பூஞ்சைப் புள்ளி. மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைத்தேன். வட்டமாகத் துடைத்துக் கீறல் விழுந்தால் அது தடத்தோடு சேர்ந்தே ஓடும், டிரைவால் சமாளிக்க முடியாது. "ஐஎஸ்ஓ எடுத்துட்டு எல்லாத்தையும் பழைய இரும்புக்காரர்கிட்ட போடுடா" என்றார் சித்தப்பா.

அங்கேதான் சிக்கல். ஐஎஸ்ஓ என்பது சிடியைக் கம்ப்யூட்டரில் ஃபைலாக நகலெடுக்கும் ஒரு வடிவம்; பின்-க்யூ, சிசிடி, எம்டிஎஸ் எல்லாம் அதே வேலைக்கான வேறு வடிவங்கள். சிடியில் ஒரு செக்டர், அதாவது டேட்டாவின் ஒரு துண்டு, 2352 பைட், ஐஎஸ்ஓ எடுத்துக்கொள்வது அதில் 2048 மட்டும். கல்யாண போட்டோ சிடிக்கு அது போதும். ஆனால் சேஃப்டிஸ்க் என்ற நகல் தடுப்புப் பூட்டு போட்ட கேமில் படிக்கவே முடியாத செக்டர்களை வேண்டுமென்றே வைத்திருப்பார்கள். ஐஎஸ்ஓ எடுக்கும் மென்பொருள் அந்த இடத்தில் நின்றுவிடும், இல்லாவிட்டால் பூஜ்யத்தைப் போட்டு நிரப்பிவிடும். கேம் தேடுவதோ அந்தப் பிழையை! அது இல்லை என்றால் 'அசல் சிடியைப் போடு' என்று அடம்பிடிக்கும்.

பின்-க்யூ முழு 2352 பைட்டையும் எடுக்கும், ஆடியோ டிராக் உள்ள கேமுக்கு நல்லது, அவ்வளவுதான். சிசிடி அதற்கு மேல் செக்டருக்கு 96 பைட் சப்சேனலையும், அதாவது டேட்டாவோடு ஒட்டி வரும் துணைத் தகவலையும், தனி ஃபைலில் வைக்கும். 80 நிமிட சிடியில் 3,60,000 செக்டர், ஆக கூடுதலாக 34 எம்பி சொச்சம். ஐரோப்பிய பிளேஸ்டேஷன் கேம்களின் லிப்கிரிப்ட் என்ற பூட்டின் சாவி ஒளிந்திருப்பது இந்தச் சப்சேனலில்தான், அதனால் அந்த 34 எம்பி-யைப் பார்த்துக் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். முதல் தலைமுறை சேஃப்டிஸ்க்குக்கும் சிசிடி போதும்.

செக்யூரோம் என்ற இன்னொரு பூட்டின் பிந்தைய பதிப்பு வேறு ரகம். செக்டர்கள் தட்டில் எவ்வளவு நெருக்கமாக அமர்ந்திருக்கின்றன என்பதையே அது அளக்கிறது. எத்தனை பைட் எடுத்தாலும் அந்த அளவு டேட்டாவில் வராது. இங்கே சொன்ன வடிவங்களில் எம்டிஎஸ் மட்டும் இதைத் தனியாக அளந்து பதிகிறது. வேகத்தைக் குறைத்து அளக்க வேண்டும். முதலில் முழு வேகத்தில் விட்டேன், வரைபடம் ரம்பப் பல் மாதிரி வந்தது, மெதுவாக விட்டதும்தான் கோடு ஒழுங்கானது. அந்த நேரம் பார்த்து எங்கோ மரம் விழுந்து கரண்ட் போக, முதலிலிருந்து மறுபடியும். எம்டிஎஸ் ஒரு மென்பொருளின் சொந்த வடிவம் என்ற குறை உண்டுதான், ஆனாலும் லினக்ஸில் சிடிஎமு என்ற மென்பொருள் அதைத் திறக்கிறது.

என் கணக்கு: செக்யூரோம் என்றால் எம்டிஎஸ், மற்றதெல்லாம் சிசிடி. எது என்று தெரியாவிட்டால் எம்டிஎஸ்ஸே எடுங்கள், அப்புறம் இடம் மிச்சம் பிடிக்க அதை ஐஎஸ்ஓ ஆக்காதீர்கள். விண்டோஸ் 10-இல் சேஃப்டிஸ்க்குக்கான டிரைவர் மென்பொருளே கிடையாது, அசல் சிடி கையில் இருந்தாலும் ஓடாது, எக்ஸ்பி மாதிரி பழைய விண்டோஸ் போட்ட கம்ப்யூட்டரைத்தான் தேட வேண்டும்.

சிடிகள் இப்போது சிலிக்கா ஜெல் போட்ட பிஸ்கட் டின்னில். இரும்புக்காரர் வந்த அன்று டின்னைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.