கோதாயா, ஹாச்சியா: இரண்டு மங்கா, இரண்டு விதமான பலவீனம்

ருமிகோ தகாஹாஷியின் ‘மேசோன் இக்கொகு’ (1980–87, 15 தொகுதிகள்), ஐ யாசாவாவின் ‘நானா’ (2000 முதல், 21 தொகுதிகள்). குறையுள்ள மனிதர்களை நம்பும்படி வரைந்த மங்கா (ஜப்பானியப் படக்கதை) எது என்ற பேச்சில் இவை இரண்டும் தவறாமல் வரும். திருப்பங்களைத் தொடாமல் ஒப்பிட முடியாது. இனிமேல்தான் படிக்கப்போகிறீர்கள் என்றால் நேராகக் கடைசிப் பத்திக்குப் போய்விடுங்கள்.

இக்கொகுவின் கோதாய்க்கு ‘இல்லை’ என்று சொல்ல வராது. மனசு முழுக்க விடுதி நிர்வாகி க்யோகோதான். ஆனாலும் தன்னோடு பழகும் கோசுவேயிடம் அதைச் சொல்லாமல் வருடக்கணக்கில் இழுத்தடிக்கிறான். க்யோகோவும் லேசுப்பட்டவள் இல்லை. கணவனை இழந்தவள், அவன் பெயரையே நாய்க்கு வைத்திருப்பவள். கோசுவே போன் செய்தால் முகம் மாறும். கேட்டால் பொறாமையே இல்லை என்பாள். கதைக்குள்ளும் வருடங்கள் நகர்வதுதான் இதன் பெரிய பலம். நுழைவுத்தேர்வில் தோற்றவனாக வரும் கோதாய் படித்து, வேலை தேடி அலைந்து, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் நிலைப்பது வரை அவன் மெல்ல மெல்லத் தேறுவது கண்ணுக்குத் தெரியும். சறுக்கல், போட்டியாளன் மிதாகாவை அனுப்பிவைக்கும் விதத்தில். வீட்டார் தனக்குப் பார்த்த பெண் அசுனா கர்ப்பம் என்று நினைத்து மிதாகா அவளை மணக்க முன்வருகிறான். கர்ப்பமாக இருந்ததோ அவளுடைய நாய்! சிரிப்பு வருகிறது, சரி. ஆனால் இருவரில் ஒருவரை நேருக்கு நேர் மறுக்க வேண்டிய சங்கடம் க்யோகோவுக்கு வரவே இல்லை. அவள் செய்திருக்க வேண்டிய வேலையை ஆசிரியரே செய்துவிட்டார்.

யாசாவா இந்தச் சலுகையைத் தருவதில்லை. கதையில் நானா என்ற பெயரில் இரண்டு பெண்கள், அவர்களில் ஒருத்தியின் செல்லப்பெயர் ஹாச்சி. அவளுக்குத் தனியாக இருக்கத் தெரியாது. யாராவது தாங்கிப் பிடிக்க வேண்டும். தகுமி, நோபு இருவரோடும் பழகிக் கர்ப்பமாகிறாள், குழந்தை யாருடையது என்று அவளுக்கே தெரியாது. அன்பான நோபு அதிர்ந்து விலகி நிற்கிறான். ஆணவமும் அடக்கியாளும் குணமும் கொண்ட தகுமி, பொறுப்பேற்கிறேன் என்று வந்து நிற்கிறான். நல்லவன் தடுமாறிய இடத்தில் மோசமானவன் உருப்படியாக நடந்துகொள்கிறான். அதற்காக அவன் நல்லவனாகிவிடுவதும் இல்லை. ஹாச்சி அவனைத் தேர்ந்தெடுக்கிறாள், அந்தத் தேர்வோடுதான் கதை முழுக்க வாழ்கிறாள். இன்னொரு நானாவான ஒசாகியின் நட்பும் அப்பழுக்கற்றது அல்ல. சிறுவயதில் தாய் விட்டுப்போனவள் அவள். ஹாச்சி கைவிட்டுப் போகக்கூடாது என்பதற்காகவே அவளைத் தன் இசைக்குழுவின் நோபுவோடு சேர்த்துவைக்கப் பார்க்கிறாள். பாசமும் பிடிவாதமான உரிமையும் அவளிடம் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கின்றன. இந்த ஒரு உறவுக்காகவே என் ஓட்டு ‘நானா’வுக்கு. பின்பாதியில் சோகத்தின் மேல் சோகமாக அடுக்குவது மட்டும் சில இடங்களில் திகட்டும்.

மெதுவாகத் தேறும் மனிதர்கள் பிடிக்கும், முடிவும் வேண்டும் என்றால் இக்கொகு. நடுத்தொகுதிகளில் ஒரே மாதிரியான தப்பர்த்தங்கள் திரும்பத் திரும்ப வரும். மொத்தமாக உட்காராமல் வாரத்துக்கு ஒரு தொகுதி என்று வைத்துக்கொண்டால் அலுக்காது. ‘நானா’வை முதல் தொகுதியோடு மூடிவிடாதீர்கள்: அது இருவரின் முன்கதை மட்டுமே, இருவரும் ரயிலில் சந்திப்பதே இரண்டாவதில்தான். ஆசிரியரின் உடல்நலக் குறைவால் 2009இல் நின்ற தொடர் இன்னும் முடியவில்லை என்பதையும் தெரிந்துகொண்டே தொடங்குங்கள்.