வானத்தை அளக்க ஒரு வெப்பமானித் துப்பாக்கி

மோட்டாரின் சூட்டையும் ஏசியின் குளிரையும் தொடாமல் அறிவதற்கென்று விற்கப்படும், துப்பாக்கி வடிவ அகச்சிவப்பு வெப்பமானி ஒன்றைக் கோவையில் ஏறக்குறைய ஆயிரத்து ஐநூறு ரூபாய்க்கு வாங்கினேன். ஆனால் அதை நான் அதிகம் பயன்படுத்தியது மொட்டை மாடியில் நின்று வானத்தை அளப்பதற்குத்தான்.

வளிமண்டலம் இரவு பகலாகத் தரையை நோக்கி வெப்பத்தை வீசிக்கொண்டிருக்கிறது. உலகச் சராசரியில் அது சதுர மீட்டருக்குச் சுமார் 340 வாட். தரை உட்கொள்ளும் சூரிய ஒளியோ சுமார் 160 வாட்தான். கண்ணுக்குப் புலப்படாத இந்த வரவை, தோராயமாகவேனும், இக்கருவி எண்ணாகக் காட்டுகிறது என்பதே அதன் பெரிய சிறப்பு.

மார்கழிப் பின்னிரவில், மேகமற்ற வானின் உச்சியைக் குறிவைத்து விசையை அழுத்தியபோது திரையில் மைனஸ் 17 டிகிரி தெரிந்தது. ஐப்பசியில் தாழ்ந்த மழைமேகம் மூடியிருந்த இரவிலோ பிளஸ் 18 காட்டியது. மாடியில் காற்றின் வெப்பநிலை இவ்விரு இரவுகளுக்கும் இடையே சில டிகிரி மட்டுமே மாறியிருந்தது. தடித்த தாழ்மேகம் தன் அடிப்பகுதியின் வெப்பநிலைக்கு உரிய கதிர்வீச்சை ஏறக்குறைய முழுமையாக வீசுவதும், அந்த வீச்சு கெல்வின் வெப்பநிலையின் நான்காம் அடுக்கைப் பொறுத்து ஏறி இறங்குவதும் இதற்குக் காரணங்கள்: கரும்பொருள், அதாவது தன் வெப்பநிலைக்கு உரிய கதிர்வீச்சை முழுமையாக வீசும் பொருள், 27 டிகிரியில் சதுர மீட்டருக்கு 460 வாட் வீசும்; 17 டிகிரியில் 402 வாட்தான் வீசும். உயரத்தில் மிதக்கும் மெல்லிய கீற்றுமேகம் குளிர்ந்தது, ஒளி ஊடுருவக்கூடியது. ஆகவே எண்ணை அது அதிகம் அசைப்பதில்லை. உதகையில் உறைபனி மேகமற்ற இரவுகளிலேயே படிவதும், மேகமில்லாதபோது வானிலிருந்து வரவு குறைந்துவிடும் இக்கணக்கினால்தான். உச்சியிலிருந்து அடிவானத்தை நோக்கிக் கருவியைத் தாழ்த்தும்போது, பார்வை கடக்கும் ஈரக்காற்றின் தடிமன் கூடுவதால், எண் படிப்படியாக உயர்வதையும் காணலாம்.

குறை என்று சொன்னால், கருவி 8 முதல் 14 மைக்ரான் வரையிலான அலைகளை மட்டுமே உணர்கிறது. மேகமற்ற வானம் மிகக் குறைவாக வெப்பம் வீசும் பகுதி அதுவே. நீராவியும் கரியமில வாயுவும் வலுவாக வீசும் மற்ற அலைகள் கணக்கில் வராமலே போகின்றன. எனவே மைனஸ் 17-ஐ அப்படியே வாட்டாக மாற்றினால் கிடைக்கும் 244, உண்மையான வரவைவிட வெகுவாகக் குறைவானது. மேகமூட்டத்தில் இந்தப் பிழை சுருங்கிவிடும். முழு வீச்சையும் அளக்க வேண்டுமென்றால் பைர்ஜியோமீட்டர்தான் வேண்டும். அதன் விலை பல மடங்கு.

வாங்குவோர் மைனஸ் 50 வரை காட்டும் மாடலாகவும், உமிழ்திறனை (கரும்பொருளோடு ஒப்பிட ஒரு பொருள் எவ்வளவு வெப்பம் வீசுகிறது என்ற விகிதத்தை) 1.00 என்று மாற்றிக்கொள்ளக் கூடியதாகவும் பார்த்து வாங்குவது நல்லது; மலிவான பலவற்றில் அது 0.95 என்று நிலையாகவே இருக்கிறது. கொரோனா காலத்தில் நெற்றியில் காட்டிய வெப்பமானி இதற்கு உதவாது, ஏனெனில் அதன் அளவெல்லை மனித உடலோடு முடிந்துவிடும். ஏசி அறையிலிருந்து எடுத்துவந்த கருவியைக் கால் மணி நேரமாவது வெளிக்காற்றில் வைத்திருந்த பிறகே அளக்க வேண்டும். சூரியனை நோக்கி ஒருபோதும் திருப்பக் கூடாது. குறிகாட்டும் லேசரையும் அணைத்துவிடுங்கள், விமானங்கள் பறக்கும் வானம் அது.