பினாங்கு தொடர்வீட்டில் வெளிச்சமும் மரமும்: ஒரு குத்தகையாளரின் பணி

மலேசியாவின் பினாங்கில் எங்கள் தொடர்வீட்டின் (பக்கச் சுவர்கள் ஒட்டி வரிசையாக அமைந்த வீடு) பின்கட்டை நீட்டித்துத் தந்த கட்டடக் குத்தகையாளரின் பணியில் எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தது, வெளிச்சத்தை அவர்கள் கையாண்ட விதமே. பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 5 பாகையில் உள்ள இவ்வூரில் உச்சிவெயில் ஆண்டு முழுவதும் கிட்டத்தட்டத் தலைக்கு நேராகவே இறங்குவதால், கூரையில் கண்ணாடி பதித்தால் அறை கொதிக்கும் என்று விளக்கி, சுவரின் மேற்பகுதியில் வடக்கு நோக்கிய நீள்சன்னல்களையும் அவற்றுக்கு மேல் அகன்ற இறவாரத்தையும் அமைத்தனர். பினாங்கின் தலைநகரான ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளில் (கீழே கடையும் மேலே வீடுமானவை) நடுமுற்றம் தரும் வெளிச்சத்தை இவை தருகின்றன, பகலில் விளக்கே தேவைப்படுவதில்லை. வெளித்தூண்களுக்குக் கறையானையும் மழையையும் தாங்கும் செங்கால் (chengal) என்னும் கடின மரத்தையும், உட்கூரைக்கு விலை குறைந்த மெராந்தி (meranti) மரத்தையும் தேர்ந்தது சரியான முடிவு. மரத்துக்கு எண்ணெய் பூசும் முறையை எழுத்தில் தராதது மட்டுமே குறை. இவ்வளவு ஈரப்பதமுள்ள ஊரில் அதைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.