ரப்பர் தீய்ந்த வாடை: ஷெட்டா, கம்பெனி சர்வீஸா?

கடலூர்க்காரனுக்கு எங்கே என்ன வாடை அடித்தாலும் மூக்கு முதலில் ரசாயன ஆலைகள் இருக்கும் சிப்காட்டைத்தான் சந்தேகப்படும். சிப்காட் இருப்பது சிதம்பரம் சாலையில், நான் தினமும் போவது அதற்கு நேரெதிராகப் புதுச்சேரிக்கு. அது உறைக்கவே எனக்கு நாலு நாள் ஆனது. முள்ளோடையைத் தாண்டும்வரை ஒன்றும் இருக்காது. அரியாங்குப்பத்தில் ஊர்ந்து, மரப்பாலம் சிக்னலில் நிற்கும்போது சைக்கிள் டியூபைக் கொளுத்தின மாதிரி வாடை காருக்குள்ளே ஏறும்.

வண்டிக்கு ஏழு வயது. வாரண்டி இருந்தால் யோசிக்கவே வேண்டாம், நேராகக் கம்பெனிதான். இல்லாததால்தான் இந்தப் பஞ்சாயத்து.

முதலில் மஞ்சக்குப்பத்தில் நான் வழக்கமாக விடும் ஷெட். பானட்டைத் திறக்கும் முன்பே அண்ணன், "கிளட்ச் போச்சு தம்பி" என்றார். டிராஃபிக்கில் அரைக் கிளட்சிலேயே ஓட்டுகிறவர்களுக்கு இந்த வாடை வருவது உண்மைதான். ஆனால் அதற்கு ஒரு சோதனை உண்டு. ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, நாலாவது கியர் போட்டு, கிளட்ச்சை மெதுவாக விட வேண்டும். கிளட்ச் நன்றாக இருந்தால் என்ஜின் திணறி அணைந்துவிடும். அணையாமல் உறுமிக்கொண்டே இருந்தால் வழுக்குகிறது. ஒரு தரம் போதும், திரும்பத் திரும்பச் செய்தால் நல்ல கிளட்சும் கருகும். என் வண்டி பட்டென்று அணைந்தது. அண்ணன் தலையைச் சொறிந்தார். சும்மா சொல்லக் கூடாது, அப்போதே பக்கத்தில் ஏறி உட்கார்ந்து செம்மண்டலம்வரை கூட வந்தார். அன்றைக்கென்று வாடை வரவில்லை.

அடுத்து கம்பெனி சர்வீஸ். காலையில் விட்டு, மாலையில் எடுத்தேன். வண்டி பளபளவென்று கழுவியிருந்தது. ஜாப் கார்டில் "குறை தென்படவில்லை". எப்படித் தென்படும்? ஆறிப்போன வண்டியை லிஃப்டில் ஏற்றிப் பார்த்தால், முக்கால் மணி நேரம் ஓடிய பிறகு வரும் வாடை வராது. ஆனால் ஒரு விஷயத்தில் ஷெட்டை விட அவர்கள் மேல். சைலன்சரில் பிளாஸ்டிக் பை ஒட்டவில்லை, ஆயில் கசிந்து சூடான குழாய் மேல் சொட்டவில்லை, எந்தச் சக்கரத்திலும் பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை என்று வரிசையாகப் பார்த்து எழுதியிருந்தார்கள். எது இல்லை என்று தெரிந்ததே பாதி வேலை.

மீதிப் பாதி நம் மூக்கு. வாடை எப்போது வருகிறது என்பதை ஓட்டுகிறவன் மட்டும்தான் சொல்ல முடியும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கிரீச் சத்தத்தோடு வந்தால் பெல்ட். வேகமாக ஓட்டி நிறுத்தியதும் ஒரு சக்கரம் மட்டும் அனலடித்தால் பிரேக். அதன் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் கோணிக்கொள்ளும். ரப்பராக இல்லாமல் பிளாஸ்டிக் உருகுகிற வாடை என்றால் வயரிங். எலி கடித்திருக்கலாம். அதற்கு ஷெட், கம்பெனி என்ற கேள்வியே கிடையாது. ஓரங்கட்டி, என்ஜினை அணைத்து இறங்கிவிட வேண்டும்.

நான் இரண்டு நாள் ஏ.சி. போடாமல் வேர்த்து வழிந்து போனேன். வாடை இல்லை. மூன்றாம் நாள் போட்டேன், மரப்பாலத்தில் வந்துவிட்டது.

ஏ.சி. கம்ப்ரசரின் முன்பக்கம் காந்தக் கிளட்ச் ஒன்று உண்டு. பெல்ட்டில் எந்நேரமும் சுற்றும் புல்லியை, ஏ.சி. போட்டதும் முன் தட்டோடு ஒட்ட வைப்பது அதுதான். இரண்டுக்கும் நடுவே சுமார் அரை மில்லிமீட்டர் இடைவெளிதான் இருக்கும். தேய்ந்து அது கூடினால், காந்தத்தின் கம்பிச்சுருள் சூடேறி இழுவை குறையும்போது தட்டு சரியாகப் பிடிக்காமல் வழுக்கி உரசும். கருகுவது அங்கேதான். வெயிலில், நின்று நின்று போகும் டிராஃபிக்கில் அது மோசமாகும்.

இங்கேதான் இரண்டு கணக்குகளும் எட்டாமல் விலகின. கம்பெனியில் கம்ப்ரசரை முழுதாக மாற்றச் சொன்னார்கள்: ஏ.சி. கேஸ், கூலி, 18 சதவீத ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்த்து 22 ஆயிரத்துச் சொச்சம். நெல்லித்தோப்புப் பக்கம் ஓர் ஏ.சி. மெக்கானிக், கிளட்ச் செட்டையும் தேய்ந்து பளபளத்துப்போன பெல்ட்டையும் மட்டும் மாற்ற 5,400 கேட்டார். கிளட்ச்சை மாற்றக் கேஸை இறக்க வேண்டியதில்லை, அதனால்தான் இவ்வளவு வித்தியாசம்.

மலிவானதே சரி என்று சொல்லிவிட முடியாது. அவர் என்ஜினை அணைத்துவிட்டு, கம்ப்ரசரின் முன் தட்டைக் கையால் சுற்றிக் காட்டினார். லேசாகத் தடுத்துத் தடுத்துச் சுற்றியது. அப்படியென்றால் உள்ளே நன்றாக இருக்கிறது, கிளட்ச் போதும். அசையாமல் இறுகியிருந்தால் கம்ப்ரசரே பழுது. கிளட்ச் வழுக்குவதற்கே அதுதான் காரணமாக இருக்கும். அப்போது 5,400 தண்டம், 22 ஆயிரம்தான் நியாயம். இந்தத் தட்டைச் சுற்றிப் பார்க்காமல் விலை சொல்கிறவர் யாராக இருந்தாலும் நான் வண்டியைக் கொடுக்க மாட்டேன்.

பில் விஷயத்தில் கம்பெனிதான் ஜெயிக்கும். நெல்லித்தோப்பில் கிடைத்தது ஒரு துண்டுச் சீட்டு. வண்டியை விற்கப் போகிறவர்களுக்கு அது ஒரு குறைதான், எனக்கில்லை.

கிளட்ச் மாற்றி இரண்டு மாதமாகிறது, வாடை இல்லை. மஞ்சக்குப்பம் ஷெட்டில் விஷயத்தைச் சொன்னேன். அண்ணன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நான்தான் அன்னிக்கே கிளட்ச்னு சொன்னேனே தம்பி."