கடல் நாளில் கப்பல் ஏலம்: 1,840 டாலர் போன கதை

உல்லாசக் கப்பலில் போகத் திட்டம் போட்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ஏறுங்கள். கப்பலில் நடந்த ஓவிய ஏலத்தில் 1,840 டாலர் கொடுத்து வாங்கிய படம் நேற்று வந்து சேர்ந்தது. அட்டைக் குழாய்க்குள் சுருட்டி வைத்த ஒரு காகிதம். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை, வார்த்தை தடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கப்பலின் பெயரைச் சொல்லப் போவதில்லை. வங்கியில் புகார் கொடுத்திருக்கிறோம்.

துறைமுகம் எதிலும் நிற்காமல் நாள் முழுக்கக் கடலிலேயே ஓடும் நாள்தான் கப்பலில் விற்பவர்களுக்கு அறுவடை. கரையில் நிற்கும்போது கப்பல் கடைகளும் சூதாட்டக் கூடமும் பெரும்பாலும் மூடியிருக்கும், கடலுக்குள் போனதும் எல்லாம் திறந்துவிடும். காலையில் ஸ்பாவில் இலவச ஆலோசனை, அது முடிந்தால் வாட்ச் தள்ளுபடி, அங்குலக் கணக்கில் வெட்டி விற்கும் சங்கிலி, மதியம் ஏலம். நமக்கும் வேறு வேலை இல்லை, இறங்கிப் போகவும் இடம் இல்லை. இணையத்துக்குத் தனிக் கட்டணம் என்பதால் நாங்கள் வாங்கவில்லை. ஆக, அவர்கள் சொன்ன விலை சரியா என்று பார்க்க வழியே இல்லை.

ஏலம் விட்டவர் காலை உணவின்போதே எங்கள் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். பெயர் கேட்டார், மதியம் அரங்கில் நுழைந்ததும் மறக்காமல் பெயர் சொல்லி வரவேற்றார். கையில் ஆளுக்கொரு ஷாம்பெயின், குடிக்காதவர்களுக்குப் பழரசம். என் கணவர் ஒரு படத்தின் முன் நின்றதைக் கவனித்து, பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தி, "நான் விற்கிறவன் என்பதை மறந்துவிடுங்கள். இதை என் வீட்டுக்கே வாங்கியிருக்கிறேன். ஓவியர் கையெழுத்துப் போட்டது, கரையில் 5,000 டாலருக்குக் குறையாது" என்றார். அந்த ஆள் அதைச் சொன்ன விதம் இருக்கிறதே! வீட்டுப் பெரியவர் ஒருவர் நம் நல்லதுக்குச் சொல்வது போல இருந்தது. கணவர் ஏலம் கேட்கும் அட்டையை உயர்த்தினார். 1,520 டாலருக்குச் சுத்தியல் தட்டினார்கள்.

அதன்பிறகு வந்தது கணக்கு. ஏலத் தொகைக்கு மேல் வாங்குபவர் கட்டணம் 15 சதவீதம், 228 டாலர். அனுப்பும் செலவு 92. மொத்தம் 1,840. கப்பலில் காசே கண்ணில் படாது, ஏறும்போது பதிந்த கடன் அட்டையில் எல்லாம் ஏறிவிடும். சரி, படத்தைக் கொடுங்கள் என்றால், "இது காட்சிக்கு வைத்தது, உங்களுடையது கிடங்கிலிருந்து வரும்" என்றார்கள். தட்டியபிறகுதான் அதைச் சொல்கிறார்கள்!

வந்த காகிதத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தோம். கையெழுத்து உட்பட எல்லாம் அச்சு இயந்திரத்தின் புள்ளிகள். கூடவே 5,000 டாலர் மதிப்புச் சான்றிதழ் ஒன்று. கொடுத்தது யார் என்று பார்த்தால் விற்ற அதே நிறுவனம்! இணையத்தில் தேடினால் அதே படம், அதே அளவு, 200 டாலருக்கும் கீழே.

கப்பல் கம்பெனிக்குப் பேசினோம். "ஓவியக் கூடம் தனி நிறுவனம், நாங்கள் இடம் மட்டும்தான் கொடுக்கிறோம்." பில்லில் உங்கள் பெயர்தானே இருக்கிறது என்றால், "கூடத்திடம் கேளுங்கள்." கூடத்துக்கு எழுதினால், "உங்கள் ஆர்வத்துக்கு நன்றி, கலையின் மதிப்பு பார்ப்பவரைப் பொறுத்தது" என்று பதில். மறுபடி எழுதினால் அதே பதில், ஒரு கமாகூட மாறாமல். ஏலம் விட்டவரோடு பேச வேண்டும் என்றோம், அவர் வேறு கப்பலுக்கு மாறிவிட்டாராம். விற்பனைத் தாளின் பின்பக்கப் பொடி எழுத்தில், எல்லா விற்பனையும் இறுதியானது என்றும் வாய்மொழியாகச் சொன்னதற்குப் பொறுப்பில்லை என்றும் இருக்கிறதாம். வாய்மொழியாகச் சொல்லித்தானே ஐயா 1,840 டாலரை வாங்கினீர்கள்? வழக்குப் போடலாமா என்றால், கப்பல் பதிவு பஹாமாஸில், ஏலம் நடந்தது நடுக்கடலில். எந்த நாட்டு நீதிமன்றத்துக்குப் போவது என்று வக்கீலே தலையைச் சொறிகிறார்.

விரிவாக யோசனை சொல்லத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. கடல் நாளில் விலை தெரியாத எதையும் வாங்காதீர்கள். கண்ணெதிரே இருக்கும் பொருள்தான் கைக்கு வரும் என்று எழுதி வாங்குங்கள். அறைக் கணக்கைத் தினமும் பாருங்கள், பல கப்பல்களில் பானத்துக்கும் ஸ்பாவுக்கும் 18, 20 சதவீதம் சேவைக் கட்டணம் தானாகவே ஏறும். கைபேசியை விமானப் பயன்முறையில் போடுங்கள், இல்லாவிட்டால் கப்பலின் செயற்கைக்கோள் வலையமைப்பில் ஒட்டிக்கொண்டு அந்தப் பில் தனியாக வரும்.

மீதியை அப்புறம் எழுதுகிறேன். வங்கி கேட்ட ஆவணங்களை இன்றைக்குள் அனுப்ப வேண்டும்.