பிளாட்டிபஸா, எக்கிட்னாவா?

முட்டையிடும் பாலூட்டிகளில் இன்று மிஞ்சியிருப்பவை ஐந்தே இனங்கள்: வாத்து போன்ற அலகுடைய பிளாட்டிபஸ் ஒன்று, உடலெல்லாம் முள் நிறைந்த எக்கிட்னா நான்கு. ஆஸ்திரேலியா, நியூ கினி தவிர வேறெங்கும் இவை இயற்கையில் கிடையாது. மற்ற பாலூட்டிகளிடமிருந்து இவற்றைப் பிரிப்பது முட்டை மட்டுமல்ல. பால் சுரக்கும், ஆனால் காம்பு கிடையாது. வயிற்றுத் தோலில் கசியும் பாலைத்தான் குட்டி குடிக்கிறது. கழிவுக்கும் முட்டைக்கும் ஒரே துவாரம், பல்லிக்கும் பறவைக்கும் இருப்பது போலவே.

சரி, இரண்டும் எங்கே வேறுபடுகின்றன? முக்கியமாக, அடைகாப்பதில். பிளாட்டிபஸ் ஆற்றங்கரை வளைக்குள் பெரும்பாலும் இரண்டு முட்டை இடும். வாலை மடித்து அவற்றை வயிற்றோடு அணைத்தபடி சுமார் 10 நாள் கிடக்கும். எக்கிட்னா ஒரே ஒரு முட்டையைத் தன் வயிற்றுப் பைக்குள் இடும். அதுவும் ஏறக்குறைய 10 நாளில் பொரியும். குட்டிக்கு முள் முளைக்கத் தொடங்கியதும் அதை வளையில் விட்டுவிட்டு, சில நாளுக்கொரு முறை வந்து பால் கொடுத்துப் போகும்.

இரை தேடுவதில் எனக்குப் பிளாட்டிபஸ்தான் பெரிய அதிசயம். நீருக்குள் கண், காது, மூக்கு மூன்றையும் மூடிக்கொள்கிறது. இரையின் தசை அசையும்போது எழும் மெல்லிய மின்சாரத்தை அலகால் உணர்ந்து பிடிக்கிறது. எக்கிட்னாவுக்கும் இந்தத் திறன் உண்டு, ஆனால் குறைவு. எறும்பையும் கரையானையும் நீண்ட, பிசுபிசுப்பான நாக்கால் அள்ளிவிடும்.

தற்காப்பில், ஆண் பிளாட்டிபஸின் பின்னங்காலில் விஷமுள் உண்டு. எக்கிட்னாவோ மண்ணைத் தோண்டி இறங்கி, முதுகு முள்ளை மட்டும் வெளியே காட்டும்.