பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: 25 வருடமாக ஆடுகிறேன்

1998-ல் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டாஸ் (விண்டோஸுக்கு முன் கம்ப்யூட்டரை இயக்கிய மென்பொருள்) படிக்கப் போனேன். வகுப்பு முடிந்ததும் அரை மணி நேரம் கேம் ஆட விடுவார்கள். அங்கே பிடித்துக்கொண்டதுதான் பிரின்ஸ் ஆஃப் பெர்சியா, சிறையிலிருந்து தப்பி இளவரசியைக் காப்பாற்ற ஓடும் ஓர் இளவரசனின் கேம். இன்றும் வருடத்துக்கு நாலைந்து முறை உட்கார்ந்துவிடுகிறேன்.

மொத்தம் 12 லெவல், முடிக்க 60 நிமிடம். எத்தனை முறை செத்தாலும் அந்த லெவலின் தொடக்கத்திலிருந்து எழுந்து ஓடலாம், ஆனால் கடிகாரம் நமக்காக நிற்காது.

புதிதாக ஆடுபவர்களுக்கு முதலில் எரிச்சல்தான் வரும். போன மே லீவில் அக்கா மகன் கேட்டான்: "மாமா, இவன் ஏன் சொன்ன உடனே நிக்க மாட்டேங்கிறான்?"

நல்ல கேள்வி. அவன் நிற்காததற்குக் காரணம், அது நிஜமாகவே ஒரு பையன் ஓடிய ஓட்டம். 1985-ல் இந்தக் கேமை உருவாக்கிய ஜோர்டான் மெக்னர் தன் தம்பி டேவிட்டுக்கு வெள்ளை உடை போட்டு, ஓடவும் தாவவும் சொல்லி வீடியோ எடுத்தார். டிவியில் அதை நிறுத்தி நிறுத்திப் புகைப்படமாக்கி, உருவத்தின் மேல் மையால் வரைந்து, ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். ஓடுகிற உடம்பு சட்டென்று நிற்குமா? இரண்டு அடி சறுக்கித்தானே நிற்கும். விளிம்பில் தொங்கும்போது நம் கையே வலிப்பது போல இருப்பதும் அதனால்தான். கத்திச்சண்டை அசைவுகள் 1938-ல் வந்த ராபின் ஹூட் படத்தின் சண்டைக் காட்சியிலிருந்து எடுத்தவை. இசை அவர் அப்பா பிரான்சிஸ் போட்டது.

எனக்கு மிகப் பிடித்தது நிழல் மனிதன். கேம் முதலில் எழுதப்பட்ட ஆப்பிள் 2 கம்ப்யூட்டரில் மெமரி தீர்ந்துவிட்டது, எதிரிக்குத் தனியாகப் படம் வைக்க இடமில்லை. கேமில் சண்டை வேண்டும் என்று மெக்னரின் தோழி டோமி பியர்ஸ் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். சரி என்று இளவரசனின் படங்களையே சற்று நகர்த்தி ஒன்றின்மேல் ஒன்று கலந்து பார்த்தார் மெக்னர். மினுமினுக்கும் ஒரு நிழல் கிடைத்தது. நாலாவது லெவலில் கண்ணாடியைத் தாவி உடைக்கும்போது நம்மிடமிருந்து பிரிந்து ஓடுவது அதுதான். இடம் இல்லாமல் போனதால் பிறந்த பாத்திரம், கேமின் உயிராகிவிட்டது!

2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் எங்கள் வீட்டு ஓடுகள் பறந்தன. பிளாப்பிப் பெட்டி முழுக்கத் தண்ணீர். என் பிரதி அதோடு போயிற்று. சில மாதம் கழித்து ஒரு செய்தி படித்தேன்: காணாமல் போயிருந்த ஆப்பிள் 2 மூல நிரல் (கேமுக்காக மெக்னர் எழுதிய புரோகிராம்) இருந்த பிளாப்பிகளை மெக்னரின் அப்பா கண்டெடுத்து அனுப்பினார், 2012 ஏப்ரலில் மெக்னர் அதை எல்லோருக்கும் வெளியிட்டார். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

இப்போது லேப்டாப்பில் எஸ்.டி.எல்.பாப், டாஸ் பதிப்பைப் பிரித்து ஆராய்ந்து ரசிகர்கள் எழுதியது. நடுவில் சேவ் செய்யலாம். எனக்கு அது பிடிக்காது, பயம் போய்விடும். ஆனால் அக்கா மகனுக்காக 12-வது லெவலில் நிழல் எதிரே வரும் இடத்தில் சேவ் செய்து கொடுத்தேன். வெட்டினான், தன் உயிரும் குறைந்தது. மறுபடி வெட்டினான், செத்தான். மூன்றாவது முறை கையை எடுத்துவிட்டுத் திரையையே பார்த்தான்.

"மாமா, இவனும் நம்ம ஆளுதானே?"

நான் வாயைத் திறக்கவில்லை. கீழ் ஏரோவை அழுத்திக் கத்தியை உறையில் போட்டான். நிழலும் போட்டது. இருவரும் ஓடிவந்து ஒன்றானார்கள். கடிகாரத்தில் 7 நிமிடம் பாக்கி இருந்தது.